இரண்டே இருக்கை உள்ள கார்

காருக்கும் அடியார்கள் உண்டு என்பதை என் பட்டறையில்தான் கண்டுகொண்டேன். சந்நிதியில் தலை குனியக் கூசுகிற மனிதர், தம் காரின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்துவிட்டால் புழுதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து பார்ப்பார். விடியற்காலையில் ஒரு பதிகம் ஓத நேரமில்லாதவர், அதே விடியற்காலையில் மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்து முகப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். நீறு பூசினால் நாகரிகம் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர், நெற்றியில் கிரீஸ் அப்பியிருந்தால் அதைத் துடைக்காமல் பெருமையாக வைத்துக்கொள்வார். இவர்களை நான் வெறுத்ததில்லை. வெறுப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும் அல்லவா.

மதுரையை ஒட்டிய கோச்சடையில் இருந்த என் லேத் பட்டறை வயற்காட்டு பம்புசெட்டுகளுக்காக ஏற்பட்டது. கிணற்றில் நீர் இறங்க இறங்க என் வாசலில் கூட்டம் ஏறும். தேய்ந்த தண்டைக் கடைந்து, புது புஷ் வளையம் போட்டு, ஒரு வீட்டின் நெற்பயிர் கருகாமல் காப்பது என் தொழில். சிறு வயதில் ஓதுவார் ஒருவரிடம் முறையாகப் பாடம் கேட்டவன் நான். லேத் சுழலும்போது என் வாய்க்குள் பண் ஓடும். கடைசலின் ஒலியும் பண்ணின் சுருதியும் ஒன்றுக்கொன்று பகையாமல் நாள் கழிந்தால் அது நல்ல நாள். அப்படிப்பட்ட ஒரு நல்ல நாளைக் கெடுக்கத்தான், எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு காலைப்பொழுதில், என் தங்கையின் மகன் அந்தக் காரை நான்கு ஆட்களைக் கொண்டு தள்ளிவந்து என் வாசலில் நிறுத்தினான்.

அது வெள்ளைக்காரன் நாட்டில் செய்த பந்தயக் கார். செய்து முடித்து இருபது வயது கடந்திருக்கும். முகம் முதலை போல நீளம். கதவு முழங்கால் உயரம். உள்ளே இரண்டே இருக்கை. மேலே கூரை இல்லை. சித்திரை வெயிலில் காக்கை நிழல் தேடும் ஊருக்குக் கூரையில்லாத வண்டியைக் கொண்டுவந்து சேர்த்த அறிவை என்னவென்று சொல்வது. பம்பாயில் வேலை பார்த்த காலத்தில் அதை வாங்கினான் மருமகன். ஊர் திரும்பும்போது ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தான். வைகையில் வெள்ளம் வருவதுபோல எப்போதாவது ஓடும். ஓடும்போதெல்லாம் தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும்.

அதன் முன்சக்கரங்களின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் எண்ணெய்க் குழல்களாகிய ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் எண்ணெய் கக்கிவிட்டிருந்தன. இடப்பக்கத்துக் குழலைக் காரோடு பிடிக்கும் பிராக்கெட்டில் வெடிப்பு வேறு. வெறும் ஷாக் அப்சார்பர் என்றால் ஒரு நாள் வேலை. இதுவோ காரோடு பிறந்ததன்று. பம்பாயில் முன்பு இதை வைத்திருந்த பந்தயப் பித்தர், கார் செய்தவன் கொடுத்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, காரே செய்யாத எவனோ ஒரு சிறு கம்பெனிக்காரன் செய்து விற்றதை வரவழைத்து மாட்டியிருந்தார். செய்தவனை நம்பாதே, செய்யாதவனை நம்பு என்பது அந்த அடியார் கூட்டத்தின் சமயாசாரம். சக்கரத்தின் மேற்பகுதியைத் தாங்கும் கையும் அந்த பிராக்கெட்டோடு சேர்ந்தே வந்தது. ஆகவே பழையதை மறுபடி மாட்டவும் வழியில்லை, பழையது பம்பாயிலேயே பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது. புதியதைச் செய்த கம்பெனிக்கோ மருமகன் எழுதிக் கேட்டிருக்கிறான். தயாரிப்பை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின, வருந்துகிறோம் என்று பதில் வந்ததாம். பெற்றவர்களே கைகழுவிய பிள்ளையை என் வாசலில் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குள் இதை ஓட வைக்க வேண்டும் என்றான் அவன்.

கல்யாணம் அவனுக்குத்தான். பெண் வாடிப்பட்டி. மண்டபமும் அங்கேதான். முதல்நாள் மாலை பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம். அதற்கு இந்த முதலையில் ஏறித்தான் வருவேன் என்று இவன் ஒற்றைக் காலில் நிற்பது எனக்கு முன்பே தெரியும். பந்தயக் காரில் வரும் மாப்பிள்ளைக்குப் பெண்ணை இன்னும் அதிகமாகக் கொடுத்துவிடுவார்களா என்று நான் வீட்டில் கேட்டதும் அவன் காதுக்கு எட்டியிருக்கும்.

"வாடக காரு கெடைக்காத ஊரா மாப்ள இது?" என்றேன்.

"வாடக கார்ல நாலஞ்சு பேரு உக்காரலாம் மாமா. அதுனாலதான் வேணாங்கேன்."

"பெறகு?"

"இதுல ரெண்டு பேருதான் உக்கார முடியும். நான் ஓட்டுவேன். பக்கத்துல அம்மா."

நான் லேத்தை நிறுத்தினேன்.

இந்த இடத்தில் என் தங்கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இவன் தவழும் பருவத்தில் அவள் கணவர் காய்ச்சலில் போனார். அதன்பின் வயலை அவளே பார்த்தாள். நாற்று நட ஆள் பிடித்ததும், மடை திருப்பியதும், நெல்லை வண்டியேற்றியதும் அவள்தான். ஒருமுறை வாய்க்கால் மேட்டில் மாட்டுவண்டி குடை சாய்ந்ததில் இடுப்பில் அடி. அதிலிருந்து பேருந்தில் ஒரு குலுக்கலைக்கூட அவளால் தாங்க முடியாது. சிறிது தூரம் போய்வந்தாலே நாட்கணக்கில் படுக்கை. உழைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அவளை முன்னே தள்ளிய உறவினர்கள், மங்கல காரியம் என்று வந்தால் அவளைக் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒதுக்கினார்கள். எந்தக் கல்யாணத்திலும் அவளுக்கு உக்கிராண அறைதான். அரிசி மூட்டைக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டு, நீ இருந்தால்தான் சாமான் களவு போகாது என்று புகழ்ந்து உட்கார வைப்பார்கள். கணவனை இழந்தவளை இருட்டறையில் வைத்துவிட்டு அதற்கு நம்பிக்கை என்று பெயர் சூட்டிய சாமர்த்தியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இதற்கெல்லாம் தலைமை தாங்கியவர் அவள் கணவரின் அண்ணன், குடும்பத்தில் மூத்தவர். அவர் யாரையும் கடிந்து பேசமாட்டார். பரிவால் வெட்டுவார். நிச்சயதார்த்தத்துக்கு வண்டி கிளம்பும்போது என் தங்கையின் இடுப்பைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டார். வாடிப்பட்டி ரோட்டில் பள்ளம் அதிகம், நீ வந்து துன்பப்பட வேண்டாம் என்றார். மகனுக்குப் பெண் நிச்சயமானதைத் தாய் வீட்டில் இருந்தபடியே கேட்டுத் தெரிந்துகொண்டாள். மாப்பிள்ளை அழைப்புக்கும் அவரே மதுரையில் ஒரு பெரிய திறந்த காரைப் பேசியிருந்தார். அதில் மாப்பிள்ளை, தாய்மாமனாகிய நான், அவர், அவருடைய மகன் எல்லோருக்கும் இடம் உண்டு. இடுப்பு வலிக்காரிக்கு மட்டும் இல்லை.

மருமகனின் கணக்கு எளியது. வீட்டு வாசலிலேயே தாயை ஏற்றிவிட வேண்டும். வாடிப்பட்டி வரை அவனே ஓட்ட வேண்டும். அப்படியே ஊர்வலத்தில் நுழைய வேண்டும். உட்காராதே என்று சொல்வது உறவினர்களுக்குச் சுலபம். உட்கார்ந்திருப்பவளை இறங்கு என்று ஊர் பார்க்கச் சொல்வதற்குக் கொஞ்சம் முகத்தோல் தடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கார் அவளை நோகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். வழியில் அவள் வலி தாளாமல் இறங்கிவிட்டால் மூத்தவரின் பரிவு வென்றுவிடும்.

காரைப் பற்றிய என் கருத்து அப்போதும் மாறவில்லை. வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் என் பட்டறையில் ஞானிகள் கூடினார்கள். டாக்சி வைத்திருந்த ஒருவர் தம்முடைய பழைய ஷாக் அப்சார்பரை வெட்டி ஒட்டிவிடலாம் என்றார். நீளத்தில் ஒரு சாண் வித்தியாசம் இருப்பதைக் காட்டியபோது, காரை ஒரு சாண் உயர்த்திவிடு என்றார். இன்னொருவர் உள்ளே விளக்கெண்ணெய் ஊற்றினால் ஆயுளுக்கும் கெடாது என்றார். மூன்றாமவர் அதை அடியோடு எடுத்துவிட்டுக் கட்டை அடித்துவிடச் சொன்னார். எப்படியும் ஊர்வலம் நடை வேகத்தில்தானே போகிறது என்பது அவர் வாதம். இவர்களில் ஒருவருக்கும் தம் வீட்டுக் குழாயில் ஒழுகுவதை நிறுத்தத் தெரியாது. இறைவன் மனிதருக்கு வாயைக் கொடுத்தது துதிப்பதற்கு. அந்த வேலை போக மீதி நேரம் அது இப்படித்தான் கழிகிறது.

அந்தக் குழல்களைப் பிரிக்கவே முடியாதபடி வாயை மடித்து அடைத்திருந்தான் செய்தவன். பழுதானால் எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்பது அதன் பொருள். வாங்குவதற்குப் புதிதே இல்லாமல் செய்துவிட்டான் என்பது அதைவிடச் சிறந்த பொருள். லேத்தில் மாட்டி மடித்த வாயைக் கடைந்து எடுத்தேன். குழலுக்கு மரை வெட்டி, திருகித் திறக்கும்படி பித்தளையில் மூடி செய்தேன். உள்ளிருந்த தண்டில் கீறல் விழுந்திருந்தது. அதைத் தேய்த்து, நகருக்குள் முலாம் பூசுகிற இடத்தில் கொடுத்து வாங்கினேன். எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கனமான மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் போடும் சீல் ஒன்றை அளவுக்குச் செதுக்கிப் பொருத்தினேன். ரப்பர் புஷ்களை லாரி எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டையிலிருந்து கடைந்தேன். பிராக்கெட்டின் வெடிப்பை அகலத் தேய்த்துச் சுத்தம் செய்து, பற்றவைத்து, மேலே ஒரு முக்கோணத் தகடும் கொடுத்தேன்.

இவையெல்லாம் கைவேலை. மனவேலை அந்தக் குழலுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் இருந்தது. எண்ணெய் புகுந்து வெளியேறுவதற்கு அதில் சிறு துளைகள் உண்டு. துளை நுணுகினால் கார் விறைக்கும், அகன்றால் குழையும். பந்தயத்துக்காக ஊசி முனையளவில் துளை வைத்திருந்தான். கல்லில் மோதினால் கல்லைப்போலவே திருப்பி இடிக்கும். அந்த இடி என் தங்கையின் இடுப்பில் இறங்கும். துளையைப் பெரிதாக்கியாக வேண்டும். பெரிதாக்கிவிட்டால் பழையபடி சுருக்க முடியாது. மாற்று பிஸ்டன் பூமியில் எங்கும் கிடையாது. எம்பெருமான் பெயரைச் சொல்லிக்கொண்டு இழை இழையாகத்தான் துளைத்தேன்.

ஒவ்வொரு முறை துளைத்து மாட்டியதும் சோதனை. பக்கத்து இருக்கையில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, செம்பைத் துண்டால் இறுக்கிக் கட்டி, மருமகனைப் பசுமலை வரை போய்வரச் சொல்வேன். முதல் முறை திரும்பியபோது செம்பு காலி, இருக்கை ஈரம். எண்ணெயை மாற்றினேன், துளையை இன்னும் ஓர் இழை அகற்றினேன். அடுத்த முறை கால்வாசி மிஞ்சியது. பந்தயக்காரர்கள் இதை எதைக்கொண்டு அளப்பார்களோ தெரியாது. அவர்கள் காரில் யாரும் இடுப்பு வலியோடு ஏறப்போவதில்லை. செம்பில் தண்ணீர் கழுத்தோடு நின்ற நாளில் நான் துளைப்பதை நிறுத்தினேன்.

தங்கையை அழைத்தேன். அவள் வந்து காரைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஊர் சிரிக்கும், மகன் கல்யாணத்தில் நானே சண்டைக்கு வித்தாவேன், உக்கிராணம் எனக்குப் பழகிவிட்டது என்றெல்லாம் தரையைப் பார்த்தபடி சொன்னாள். ஏறி உட்கார், பசுமலை வரை போய்வா, பிறகு பேசலாம் என்றேன். போனார்கள். திரும்பி வந்தபோது அவள் இறங்காமல் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வலியோ என்று பயந்து நான் அருகே போனேன்.

"வலிக்கலண்ணே," என்றாள். பிறகு கதவை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, "கல்யாணத்தன்னைக்கும் இப்பிடி வலிக்காம இருந்தா, என்னைய வேணாம்னு சொல்ல அவுகளுக்கு வேற என்ன இருக்கும்ணே?" என்றாள்.

அவர்களிடம் வேறு என்ன இருந்தது என்பது இருவருக்கும் தெரியும். பெற்றவள் வர முடியாத வேளையில் தானே தாயாக வந்து பணிவிடை செய்தவன் என் தெய்வம். தன் உடம்பில் சரிபாதியைப் பெண்ணுக்குக் கொடுத்தவன் அவன். அவன் திருநாமத்தை மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டே, ஒரு காரில் சரிபாதியைத் தாய்க்குத் தர மறுப்பவர்கள் எந்தக் கோயிலில் போய் யாரைக் கும்பிட்டு வருகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாப்பிள்ளை அழைப்பு நாளன்று பிற்பகலில் கோச்சடையிலிருந்து கிளம்பினோம். மருமகனும் தங்கையும் முன்னால் காரில். நான் பின்னால் உறவினர்களோடு வேனில். பள்ளம் வந்த இடமெல்லாம் நான் எட்டிப் பார்த்தேன். அந்த முதலை பள்ளத்தில் இறங்கி, ஒரு முறை மூச்சு வாங்கி, அசங்காமல் ஏறிக்கொண்டு போயிற்று. என் குழல்கள் வேலை செய்தன. வாடிப்பட்டிப் பிள்ளையார் கோயில் வாசலில் அவள் முகத்தில் வியர்வை இருந்தது, வலி இல்லை.

மூத்தவர் அங்கே பெரிய வாடகைக் காரோடு முன்பே காத்திருந்தார். பக்கத்து இருக்கையில் தங்கையைக் கண்டதும் அவர் முகம் எப்படிப் போயிற்று என்பதை எழுதினால் நான் அதை அனுபவித்ததாகிவிடும். ஆம், அனுபவித்தேன். அவர் நேரே என்னிடம் வந்தார்.

"என்ன மச்சான், தாய்மாமன் எடம்ல அது. ஒங்கள விட்டுட்டு ஊர்வலம் போனா எங்க மரியாத என்னாகிறது?" என்றார். என் மரியாதைக்காக அவர் அவ்வளவு உருகினார்.

"என் எடம்தான மச்சான். எந்தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். நீங்க ஒங்க எடத்துல போயி உக்காருங்க."

அவர் தம் காருக்குத் திரும்பினார். இறங்கு என்று தங்கையிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மருமகனின் கணக்கு அதுவரை சரியாக இருந்தது. கணக்கில் வராதது வாழைமரம்.

எங்கள் பக்கத்தில் ஊர்வலக் கார் என்றால் முகப்பில் இரண்டு வாழைமரம் கட்டியாக வேண்டும். குலையோடு கூடிய ஆளுயர மரம். மற்றக் கார்களில் முன்பக்கத்து பம்பரில் கட்டுவார்கள். இந்தக் காரின் பம்பரைப் பம்பாய்ப் பித்தர் பாரம் குறையட்டும் என்று எப்போதோ கழற்றிவிட்டிருந்தார். காரை அலங்கரிக்க வந்த சோடனைக்காரர் பார்த்தார். மரத்தின் நடுத்தண்டை முன்விளக்கில் கட்டினார். அடியைக் கட்ட இடம் தேடிக் குனிந்தவருக்குச் சக்கரத்தின் உட்புறத்தில் உறுதியான இரும்பு ஒன்று அகப்பட்டது. தேங்காய்நார்க் கயிற்றால் மரத்தை அதோடு சேர்த்து வரிந்து கட்டினார். நான் அப்போது சந்நிதிக்குள் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்தேன். அந்த இரும்பு, சக்கரத்தோடு ஏறி இறங்குவதற்கென்றே உள்ள கை. ஏறி இறங்கும் ஒன்றில் மரத்தை நடுகிறவன் உலகத்தில் வேறெங்கும் இருக்க மாட்டான்.

நாகஸ்வரம் முன்னே போக, கார் நகர்ந்தது. சிறு மேடு வந்ததும் இரண்டு வாழைமரங்களும் எழுந்து குனிந்தன. அடுத்த மேட்டில் மறுபடி குனிந்தன. மாப்பிள்ளைக்கு வாழையே வணக்கம் சொல்கிறது என்று ஓர் இளைஞன் சொல்ல, கூட்டம் சிரித்தது. நான் ஓடினேன். தெரு திரும்பும் இடத்தில், சக்கரம் வளைந்தபோது, கயிறு இடப்பக்கத்து ஷாக் அப்சார்பரைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. என் தகடு பிடித்த இடம் நின்றது. அதற்குக் கீழே பழைய இரும்பு பிய்ந்தது. சக்கரம் உள்ளே சாய்ந்து, கார் இடப்புறமாகத் தெருவில் முழங்காலிட்டது.

நாகஸ்வரம் நின்றது. பெரிய கார் பின்னாலிருந்து ஊர்ந்து வந்து பக்கத்தில் நின்றது. மூத்தவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவர் குரலில் மறுபடி அந்தப் பரிவு வந்துவிட்டது. சகுனம் சரியில்லை, நேரம் போகிறது, மாப்பிள்ளை இதில் ஏறட்டும் என்றார். தங்கையைப் பார்த்து, "நீ மெதுவா நடந்து பின்னாடி சமையக்கட்டு வழியா வந்துரும்மா. ஒன் இடுப்புக்கு இதெல்லாம் ஆகுமா?" என்றார்.

மருமகன் ஸ்டியரிங்கை விடவில்லை. ஆனால் அவன் பார்வை தாயின் மேல் இருந்தது. அவள் இறங்கினால் அவனும் இறங்க வேண்டியதுதான். கூட்டம் முழுதும் அவளைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"எறங்குனா என்னையப் பின்னாடி தள்ளிருவாகண்ணே," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "நான் எறங்கல. இத எப்பிடியாச்சும் கொண்டுபோங்க."

அவள் அப்படி உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. மூத்தவரும் கேட்டதில்லை என்பது அவர் திறந்து பிடித்திருந்த கதவை மூட மறந்ததிலிருந்து தெரிந்தது.

சக்கரம் உருளாது. ஆனால் பழுதான மூலையைத் தூக்கிப் பிடித்தால் மற்ற மூன்றும் உருளும். வாழைமரங்களை அறுத்தெறிந்தேன். தெரு முனையில் பந்தல் போட்டு மிஞ்சிய சவுக்குக் கட்டைகள் கிடந்தன. நீளமான ஒன்றைக் காரின் முன் இரும்புக்கு அடியில் குறுக்கே கொடுத்து, சோடனைக்காரரின் அதே கயிற்றால் கட்டினேன். பெண்ணின் அண்ணன் தம்பிகளும் பங்காளிப் பையன்களும் தாங்கலாம் என்று வந்தார்கள். வயலில் வேலை செய்த தோள்கள். அவர்களில் ஒருவன், "மாப்ளய நாங்க தூக்குறோம்ணே, அத்தைய யாரு தூக்குவா?" என்று கேட்க, இன்னொருவன், "அத்த அரிசி மூட்டைய விட எம்புட்டு எடை இருக்கப் போறாக, தூக்குடா," என்றான். சுவாமி புறப்பாட்டில் தண்டு தாங்குவதுபோல இடப்பக்கம் நின்று தூக்கினார்கள். நாகஸ்வரம் மறுபடி தொடங்கியது. பந்தயத்தில் பறப்பதற்கென்று பிறந்த கார், நால்வர் தோளில் நொண்டிக்கொண்டு நத்தையாகப் போயிற்று. அதற்கு வாய்த்த வேகத்தில் அதுவே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றியது. பின்னால் பெரிய கார், மூத்தவரும் அவர் மகனும் மட்டுமாக, காலியாக வந்தது.

மண்டப வாசலில் பெண்ணின் அத்தை ஆலத்தித் தட்டோடு நின்றிருந்தார். பருமனான, சிரித்த முகம் கொண்ட அம்மாள். சிவந்த நீரில் வெற்றிலை மிதக்க, கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பையன்கள் காரை வாசலுக்கு நேராக இறக்கினார்கள். அத்தை தட்டைத் தூக்கினார். மூத்தவர் தம் காரிலிருந்து இறங்கி வேகமாக வந்தார்.

"மாப்பிள்ளைக்கு மட்டும் சுத்துங்கம்மா," என்றார். "அது பக்கத்துல... நான் சொல்றது வெளங்குதா?"

விளங்கியது. அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. அத்தை தட்டைப் பிடித்தபடியே காரை ஒருமுறை பார்த்தார். அந்த இருவருக்கு இடையில் ஒரு கை நுழையவும் இடம் இல்லை. மருமகன் தோளும் தங்கை தோளும் உரசிக்கொண்டிருந்தன.

"இம்புட்டு எடத்துல எங்கிட்டு விட்டுச் சுத்த?" என்றார் அத்தை. "ஆளப் பிரிச்சுச் சுத்த இது என்ன ரயிலா?"

பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை கையை அகல வீசித் தட்டைச் சுற்றினார். தாய், மகன் இருவரும் அந்த வட்டத்துக்குள் அடங்கினார்கள். மூன்று சுற்றும் அப்படியே. கற்பூர வெளிச்சம் என் தங்கையின் முகத்தில் ஒவ்வொரு முறையும் வந்து போயிற்று. அவள் கண்ணை மூடவில்லை. மண்டபத்துப் பெண்களில் சிலர் முகத்தைச் சுளித்ததையும் பார்த்தேன். அவர்கள் பெயரும் உறவும் எனக்குத் தெரியும். எழுதினால் இந்தத் தாளுக்குத்தான் கேடு.

அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. மகன் ஒரு கை கொடுக்க, நான் ஒரு கை கொடுக்க, இறங்கி, முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். உள்ளே போனவள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றாள். பெண்ணின் அத்தை முதல் வரிசைப் பாயைக் காட்டினார்.

காரை அதற்குமேல் யாராலும் அசைக்க முடியவில்லை. தண்டு தாங்கிய பையன்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அது வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. மெலிந்தவர்கள் பக்கவாட்டில் நுழைந்து போனார்கள். மூத்தவர் மெலிந்தவர் அல்லர். பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுப்புப் புகைக்கும் கழுவிய நீருக்கும் நடுவில், சமையற்கட்டு வழியாக அவர் மண்டபத்துக்குள் வந்து சேர்ந்தார்.